நோயைத் தேடி அலைந்த மருந்து

இன்ஃப்ளிக்ஸிமாப் பிறந்த இடம் ஒரு சுண்டெலியின் மண்ணீரல். 1980களின் இறுதியில் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், மனித உடலில் சுரக்கும் ஒரு புரதத்தை எலிகளுக்கு ஊசி வழியாகச் செலுத்தினார்கள். அது தனக்குச் சொந்தமில்லாத சரக்கு என்று கண்டுகொண்ட எலியின் உடல், அதைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, உண்டாக்கியது. ஆன்டிபாடி சுரக்கும் செல்கள் மண்ணீரலில் இருந்தன. அவற்றை எடுத்து, சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும் புற்றுச் செல்களோடு இணைத்தார்கள். இணைந்து உருவான வரிசைகளில் ஒன்றுக்கு ‘ஏ2’ என்று பெயர் வைத்தார்கள். அந்த ஏ2-தான் பத்தாண்டுகளில் உலகம் முழுக்க முடக்குவாதக்காரர்களின் கையில் டிரிப்ஸாக ஏறப்போகிறது. ஆனால் அன்றைக்கு அந்த ஆய்வகத்தில் இருந்த எவருக்கும் மூட்டுவலி பற்றிய நினைப்பே இல்லை.

ஆய்வகத்தின் தலைவர் யான் வில்செக். 1933இல் பிராட்டிஸ்லாவாவில் பிறந்த யூதர். நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்து வளர்ந்த பிள்ளை. 1964இல் மனைவியோடு வியன்னாவுக்குச் சில நாள் பயணம் போவதாகச் சொல்லிக் கம்யூனிஸ்ட் செக்கோஸ்லோவாக்கியாவை விட்டுக் கிளம்பியவர் திரும்பிப் போகவில்லை. அடுத்த ஆண்டே நியூயார்க்கில் வேலையில் சேர்ந்துவிட்டார். அவரோடு சேர்ந்து ஏ2-வை உருவாக்கிய ஜுன்மிங் லே சீனாவிலிருந்து வந்தவர். செல்களை இணைக்கும் அந்த வித்தையையே 1975இல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்த இருவரில் ஜார்ஜ் கோலர் ஜெர்மானியர், சேசர் மில்ஸ்டைன் அர்ஜென்டினாவிலிருந்து வெளியேறியவர். காப்புரிமை எதுவும் எடுக்காமல் அந்த முறையை உலகத்துக்கு விட்டுவிட்டார்கள். இந்தக் கதையில் பிறந்த ஊரிலேயே தங்கிய ஆட்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எலிக்குச் செலுத்திய புரதத்தின் பெயர் டி.என்.எஃப். அதன் முழுப் பெயருக்குப் பொருள் ‘கட்டியை அழுகச் செய்யும் காரணி’. பெயரைக் கேட்டால் புற்றுநோய்க்கு மருந்து என்று தோன்றும். அந்த எண்ணத்தில்தான் அதைத் தேடவும் ஆரம்பித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் வில்லியம் கோலி என்ற நியூயார்க் அறுவை மருத்துவர், கடுமையான பாக்டீரியாத் தொற்று வந்த சில நோயாளிகளுக்குப் புற்றுக்கட்டி கரைந்துபோவதைக் கவனித்து, பாக்டீரியாக்களை வேண்டுமென்றே ஊசியில் ஏற்றிப் பார்த்தார். சிலருக்குக் கட்டி சுருங்கியது, பலருக்கு இல்லை. தொற்று எப்படிக் கட்டியைக் கரைக்கிறது என்ற கேள்வி ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. 1975இல் அதே நகரின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையத்தில் லாயிட் ஓல்டும் கூட்டாளிகளும் இடையில் இருக்கும் அந்தப் பொருளை எலிகளின் ரத்தத்தில் கண்டு பெயர் சூட்டினார்கள். 1984இல் அதன் மரபணு படியெடுக்கப்பட்டது. இனி டி.என்.எஃப்.ஐ வேண்டிய அளவு தயாரிக்கலாம், புற்றுநோயாளிகளுக்குக் கொடுக்கலாம் என்று பெரிய எதிர்பார்ப்பு.

கொடுத்தார்கள். குளிர்க்காய்ச்சல் வந்தது, ரத்த அழுத்தம் விழுந்தது, கட்டி கரையவில்லை.

அதே காலத்தில், அதே நியூயார்க்கில், ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆன்டனி செராமி வேறொரு புதிருக்கு விடை தேடிக்கொண்டிருந்தார். ஒட்டுண்ணி தொற்றிய விலங்குகள் எலும்பும் தோலுமாக இளைத்துப்போவது எதனால்? உடலை உருக்கும் ஒரு பொருள் ரத்தத்தில் இருக்க வேண்டும் என்று கருதி, அவரும் புரூஸ் பாய்ட்லரும் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1985இல் அதன் கட்டமைப்பை ஒப்பிட்டுப் பார்த்தபோது அது வேறெதுவும் அல்ல, அதே டி.என்.எஃப்.தான். ஒரு குழு அமுதம் என்று எடுத்து வைத்ததை இன்னொரு குழு நஞ்சு என்று எடுத்து வைத்திருந்தது. இரண்டாவது குழு சொன்னதில்தான் அதிக உண்மை இருந்தது. பாக்டீரியா ரத்தத்தில் கலந்து உடல் அதிர்ச்சிக்குள் விழும் செப்சிஸ் நிலையில், ஆளைக் கொல்வதில் பாக்டீரியாவுக்கு இருக்கும் பங்குக்குக் குறையாத பங்கு உடலே கொட்டும் டி.என்.எஃப்.க்கு இருந்தது. அதை ஆன்டிபாடியால் முன்கூட்டியே கட்டிப்போட்டால் பபூன் குரங்குகள் பிழைத்துக்கொண்டன என்று 1987இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வு வெளிவந்தது.

ஆகவே ஏ2-வுக்கு முதலில் நிச்சயிக்கப்பட்ட நோய் செப்சிஸ். நியூயார்க் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்த சென்டோகோர் என்ற நிறுவனம், பென்சில்வேனியாவின் மால்வெர்ன் நகரில் ஏ2-வைத் திருத்தி எழுதியது. எலியின் ஆன்டிபாடியை அப்படியே மனிதருக்குச் செலுத்தினால், எலிக்கு மனிதப் புரதம் அந்நியமாகத் தெரிந்ததுபோல மனித உடலுக்கு எலிப் புரதம் அந்நியமாகத் தெரியும். அதற்கு எதிராக நம் உடல் தன் ஆன்டிபாடிகளை அனுப்பிவிடும். எனவே டி.என்.எஃப்.ஐப் பிடிக்கும் நுனியை மட்டும் எலியிடமிருந்து வைத்துக்கொண்டு, மீதி முழுவதையும் மனித ஆன்டிபாடியின் மரபணுவால் மாற்றினார்கள். கால் பங்கு எலி, முக்கால் பங்கு மனிதர். இந்தக் கலப்புக்கு ‘சி.ஏ.2’ என்று பெயர். இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற பெயர் பின்னால் வந்தது.

சென்டோகோருக்கு அந்த நாட்களில் சி.ஏ.2 இரண்டாவது பிள்ளைதான். மூத்த பிள்ளை சென்டாக்ஸின் என்ற வேறொரு செப்சிஸ் மருந்து. நிறுவனம் அதன் மேல்தான் பணத்தையெல்லாம் கொட்டியிருந்தது. 1992இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., தந்த ஆதாரம் போதாது என்று சொல்லி அதைத் திருப்பி அனுப்பியது. நிறுவனத்தின் பங்கு விலை தரைக்கு வந்தது. 1993 ஜனவரியில், நடந்துகொண்டிருந்த பரிசோதனையில் மருந்து பெற்றவர்களில் ஒரு பிரிவினரிடம் இறப்பு கூடுதலாகத் தெரியவே, அதை நிறுத்த வேண்டியதாயிற்று. செப்சிஸில் சி.ஏ.2-வும் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. டி.என்.எஃப். உடலில் வெள்ளமாகப் பாய்ந்து முடித்த பிறகுதான் நோயாளி மருத்துவமனைக்கு வருகிறார். குரங்குக்குக் கொடுத்ததுபோல மனிதருக்கு முன்கூட்டியே கொடுக்க வழியில்லை.

கையில் நல்ல மருந்து இருக்கிறது, அதற்கு ஒரு நோய் இல்லை. 1990களின் தொடக்கத்தில் சி.ஏ.2-வின் நிலைமை இதுதான்.

நோய் லண்டனில் காத்திருந்தது. ஹாமர்ஸ்மித் பகுதியிலிருந்த கென்னடி மூட்டுநோய் ஆய்வு நிறுவனத்தில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி என்று இருவர். ஃபெல்ட்மன் 1944இல் இன்றைய உக்ரைனின் லிவிவ் நகரில் பிறந்து, பிரான்ஸ் வழியாக ஆஸ்திரேலியா போய், மெல்போர்னில் மருத்துவம் படித்தவர். மைனி 1937இல் லூதியானாவில் பிறந்து உகாண்டாவில் வளர்ந்து கேம்பிரிட்ஜில் படித்தவர். ஒருவர் செல்களைப் பார்க்கும் விஞ்ஞானி, மற்றவர் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர். இந்தச் சேர்க்கை இல்லாமல் மருந்து இந்த நோயை வந்தடைந்திருக்காது என்பது என் எண்ணம். பெரிய பெரிய நிறுவனங்களில் இந்த இரு ரகத்தாரும் வெவ்வேறு மாடிகளில் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே மைனியின் நோயாளிகளிடம் மூட்டு அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட திசு, ஃபெல்ட்மனின் ஆய்வகத்துக்கு வந்துகொண்டிருந்தது.

முடக்குவாதம், சிலர் சரவாங்கி என்றும் சொல்வார்கள், தேய்மான மூட்டுவலியிலிருந்து வேறுபட்டது. வயதாகி எலும்பு தேய்வதல்ல. உடலின் காவல் படையே மூட்டின் உள்சவ்வைப் பகையாக எண்ணித் தாக்குவது. மெல்லிய உள்சவ்வு தடித்து, வீங்கி, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. ஒரு மணி நேரமாவது ஆகும் டம்ளரைப் பிடிக்க. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. ஆண்டுகள் போகப் போக விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து கோணிக்கொள்ளும். 1980களில் இதற்குத் தங்க ஊசி, ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்ஸேட் என்று சில மருந்துகள் இருந்தன. பலருக்கு எதுவும் போதவில்லை.

அழற்சி கொண்ட அந்தச் சவ்வில் டி.என்.எஃப். மட்டுமல்ல, இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 என்று பத்துப் பன்னிரண்டு செய்திப் புரதங்கள் கொட்டிக் கிடந்தன. இதுதான் எல்லோருடைய மறுப்புக்கும் காரணம். இத்தனை இருக்கும்போது ஒன்றை மட்டும் அடக்கி என்ன ஆகப்போகிறது, மற்றவை அந்த வேலையைச் செய்துவிடுமே என்றார்கள். நியாயமான கேள்விதான். ஃபெல்ட்மன் குழுவில் இருந்த ஃபியனுவாலா பிரென்னன் அதைப் பரிசோதனைத் தட்டில் போட்டுப் பார்த்தார். நோயாளிகளின் மூட்டுச் சவ்விலிருந்து எடுத்த செல்கள், உடலை விட்டு வெளியே வந்த பிறகும் பல நாட்கள் இந்தப் புரதங்களைச் சுரந்துகொண்டிருந்தன. அவற்றில் டி.என்.எஃப்.ஐ மட்டும் ஆன்டிபாடியால் அடக்கினார். இன்டர்லூகின்-1 சுரப்பதும் நின்றுபோனது. 1989இல் லான்செட் இதழில் வந்த இந்த முடிவுதான் கதையின் திருப்பம். பத்து வாய்க்கால்கள் பக்கம் பக்கமாக ஓடவில்லை; எல்லாம் ஒரே தலைமதகிலிருந்து பிரிந்தவை. தலைமதகை இறக்கினால் கீழே எல்லாம் வற்றும்.

அதன் பிறகு சான்றுகள் விரைவாகக் குவிந்தன. ஏதென்ஸில் ஜார்ஜ் கோலியாஸின் குழு மனித டி.என்.எஃப். மரபணுவை எலிகளுக்கு வைத்தபோது அந்த எலிகளுக்குத் தானாகவே மூட்டழற்சி வந்தது. ஆன்டிபாடி கொடுத்தால் வராமல் இருந்தது. லண்டனிலேயே ரிச்சர்ட் வில்லியம்ஸ், நோய் வந்துவிட்ட எலிகளுக்கு ஆன்டிபாடி கொடுத்து வீக்கம் குறைவதைக் காட்டினார். மனிதர்களிடம் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

அதற்கு மனிதர்களுக்குக் கொடுக்கத்தக்க ஆன்டிபாடி வேண்டும். அது சென்டோகோரிடம் இருந்தது. அங்கே அறிவியல் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் வுடி முன்பு ஃபெல்ட்மனிடம் ஆய்வு செய்தவர். தெரிந்த முகம். செப்சிஸில் சிக்கித் தவித்த நிறுவனத்துக்கு மூட்டுநோய் ஒரு பொருட்டல்ல. ஆனாலும் ஒரு சிறிய பரிசோதனைக்குப் போதுமான சி.ஏ.2-வைத் தர வுடி ஒப்புக்கொண்டார். மூத்த பிள்ளை மேல் நிறுவனம் மொத்த நம்பிக்கையையும் வைத்திருந்த நேரத்தில், அந்த நிறுவனத்தைக் கடைசியில் காப்பாற்றப்போவது இப்படிக் கை மாறிய சில குப்பிகள்தான்.

1992 ஏப்ரல்–மே மாதங்களில் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் முதல் நோயாளிகளுக்கு மருந்து ஏற்றப்பட்டது. மொத்தம் 20 பேர். அன்றிருந்த மருந்துகளையெல்லாம் பார்த்து அலுத்துப் போனவர்கள். உடல் எடையில் கிலோவுக்கு மொத்தம் 20 மில்லிகிராம், இரண்டு வாரங்களில் பிரித்துக் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த மைக்கேல் எலியட் நோயாளிகளைக் கவனித்தார். மருந்து ஏறிய சில மணி நேரத்திலேயே சிலர் சொன்ன முதல் மாற்றம் வலியைப் பற்றியதல்ல; உடம்பை அழுத்திக்கொண்டிருந்த அசதி இறங்கிவிட்டது என்றார்கள். ஆறு வாரத்தில் வீங்கிய மூட்டுகளின் இடைநிலை எண்ணிக்கை 18இலிருந்து 5 ஆனது. அழற்சியை அளக்கும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் புரதம் லிட்டருக்கு 39.5 மில்லிகிராமிலிருந்து 8க்கு இறங்கியது. மருத்துவர்களுக்கு இந்தக் கடைசி எண்தான் முக்கியம். நோயாளி நம்பிக்கையால் வலி குறைந்ததாகச் சொல்லலாம், மருத்துவர் ஆசையால் வீக்கம் குறைந்ததாகப் பார்க்கலாம், சி.ஆர்.பி.க்கு யார் மீதும் நம்பிக்கை கிடையாது.

இதைவிட உறுதியான சான்று பிறகு வந்தது, வேதனையான வழியில். நோய் திரும்பி வந்தது, அந்த 20 பேருக்கும். மருந்து உடலிலிருந்து கரைந்து வெளியேறிய சில மாதங்களில் விரல்கள் மறுபடி இறுகின. சிலருக்கு மறுபடி மருந்து கொடுத்தார்கள், மறுபடி தளர்ந்தன. தற்செயலாகத் தானே தணிந்த நோய் இப்படி மருந்தின் தாளத்துக்கு ஏறி இறங்காது. நோய் தீரவில்லை, அடக்கப்பட்டது என்பதும் அதே நேரத்தில் தெளிவாகிவிட்டது. இந்த மருந்தின் வரமும் அதன் வரம்பும் ஒரே பரிசோதனையில் வெளிப்பட்டன.

லண்டன், லெய்டன், வியன்னா, எர்லாங்கன் ஆகிய நான்கு நகரங்களில் 73 பேரிடம், யாருக்கு மருந்து யாருக்கு வெறும் கரைசல் என்பது நோயாளிக்கும் தெரியாமல் மருத்துவருக்கும் தெரியாமல் செய்த அடுத்த சோதனை 1994இல் வெளியானது. நான்காவது வாரத்தில் வெறும் கரைசல் பெற்ற 24 பேரில் 2 பேருக்குத்தான் முன்னேற்றம். கிலோவுக்கு 1 மில்லிகிராம் பெற்ற 25 பேரில் 11 பேருக்கு. 10 மில்லிகிராம் பெற்ற 24 பேரில் 19 பேருக்கு. இதற்குப் பிறகு பத்து வாய்க்கால் வாதம் பேசுவோர் இல்லை.

ஆனாலும் ஒரு தொல்லை. அந்தக் கால் பங்கு எலியை உடல் மறக்கவில்லை. மீண்டும் மீண்டும் மருந்து கொடுக்கக் கொடுக்க, நோயாளியின் உடல் மருந்துக்கு எதிராகவே ஆன்டிபாடி தயாரித்தது. மருந்து வேகமாக அழிந்தது, சிலருக்கு ஏற்றும்போதே ஒவ்வாமை வந்தது. குறைந்த அளவில் தனியாகக் கொடுத்தபோது 53 விழுக்காட்டினருக்கு இப்படி ஆனது. இதற்குத் தீர்வாகக் கூட்டு சேர்ந்தது ஒரு பழைய மாத்திரை. வாரத்துக்கு 7.5 மில்லிகிராம் மெத்தோட்ரெக்ஸேட் சேர்த்ததும் 53 என்பது 15ஆகக் குறைந்தது. மைனி குழு இதை 1998இல் வெளியிட்டது.

இங்கே சென்னைக்கு ஒரு நூல் வருகிறது. மெத்தோட்ரெக்ஸேட் பிறந்த லெடர்லி ஆய்வுக்கூடத்துக்கு 1940களில் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்று அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்துபோனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர். பிறகு அமெரிக்கா போனார். ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் மருந்துகளை அவருடைய குழு ரத்தப் புற்றுநோய்க்காக உருவாக்கியது. அவற்றின் வரிசையில் வந்ததுதான் மெத்தோட்ரெக்ஸேட். 1948இல் அவர் இறந்தபோது இந்த மருந்து மூட்டுக்கு உதவும் என்பதை அறிந்திருக்க வழியில்லை. அதுவும் சி.ஏ.2-வைப் போலவே வேறு நோய்க்கென்று கிளம்பி இங்கே வந்து சேர்ந்த மருந்துதான். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் முறைக்குக் கென்னடி அறக்கட்டளை காப்புரிமை வாங்கியது. அந்த உரிமைத் தொகையில் பின்னாளில் பெரிய அளவில் ஆய்வுகள் நடந்தன. சுப்பாராவ் தன் பெயரை முன்னிறுத்திக்கொண்டவரல்ல என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இதற்கிடையில் மருந்து வழியில் இன்னொரு நோயைச் சந்தித்திருந்தது. ஆம்ஸ்டர்டாமில் சாண்டர் வான் டெவென்டர் என்ற மருத்துவர், குடலழற்சியான கிரோன் நோயால் நைந்துபோயிருந்த ஒரு சிறுமிக்குச் சி.ஏ.2 கொடுத்துப் பார்த்தார். குடல் புண்கள் ஆறின. குடல் நோய்க்கு வேறு நல்ல மருந்து இல்லாததால் அந்தப் பாதை விரைவாக நகர்ந்தது. எஃப்.டி.ஏ. 1998 ஆகஸ்டில் இன்ஃப்ளிக்ஸிமாப்பை முதலில் அனுமதித்தது கிரோன் நோய்க்குத்தான். முடக்குவாதத்துக்கு, மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்த்து, 1999 நவம்பரில். அதற்குள் எடனர்செப்ட் என்ற தம்பி மருந்து, டி.என்.எஃப்.ஐ வேறு வழியில் பிடிப்பது, முடக்குவாதத்துக்கு முந்திக்கொண்டு அனுமதி வாங்கிவிட்டது. முழுக்க மனித அமைப்புடைய அடாலிமுமாப் 2002இன் கடைசி நாளில் வந்து, பிறகு உலகிலேயே அதிகம் விற்ற மருந்துகளில் ஒன்றானது. சென்டோகோரை ஜான்சன் அண்ட் ஜான்சன் 1999இல் 490 கோடி டாலருக்கு வாங்கியது. ஆறேழு ஆண்டுகளுக்கு முன் கடையைச் சாத்தும் நிலையில் இருந்த நிறுவனம்.

வணிகப் பெயர் ரெமிகேட். அதன் உற்பத்தி, ரசாயனத்தைக் கலந்து மாத்திரை தட்டும் வேலை அல்ல. எலியின் புற்றுச் செல் வரிசை ஒன்றில் மரபணுவை வைத்து, எஃகுத் தொட்டிகளில் உணவூட்டி வளர்க்கிறார்கள். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் இதற்கென ஆலை இருந்தது. செல்கள் சுரக்கும் ஆன்டிபாடியைப் பல படிகளில் வடித்து, தூய்மையாக்கி, உறைய வைத்து உலர்த்தினால் ஒரு குப்பியில் 100 மில்லிகிராம் வெண்பொடி கிடைக்கும். ஆஸ்பிரின் மூலக்கூற்றின் எடை 180. இதன் எடை ஏறத்தாழ 1,49,000. இவ்வளவு பெரிய புரதத்தை விழுங்கினால் வயிறு இறைச்சியைச் செரிப்பதுபோலச் செரித்துவிடும். அதனால்தான் டிரிப்ஸ்.

குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைத்திருந்த குப்பியை எடுத்து, நர்ஸ் 10 மில்லி தூய நீரை அதன் சுவரோரமாக விடுகிறார். குலுக்கக் கூடாது, நுரைத்தால் புரதம் கெடும். மெதுவாகச் சுழற்ற வேண்டும். பிறகு 250 மில்லி சலைனில் கலந்து, நுண்வடிகட்டி பொருத்திய குழாய் வழியே, இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். முடக்குவாதத்துக்குத் தொடக்க அளவு கிலோவுக்கு 3 மில்லிகிராம். முதல் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், அதன் பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மில்லிகிராம். இரண்டு குப்பி உடைத்தால் 20 மில்லிகிராம் மிஞ்சும். இந்த மருந்தின் விலையில் அந்த மிச்சம் சின்ன விஷயமில்லை.

ஊசி ஏறும் முன் நம் நாட்டு மருத்துவர்கள் வேறெதையும்விட அதிகமாகக் கவலைப்படும் ஒன்று இருக்கிறது. 2001 அக்டோபரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இன்ஃப்ளிக்ஸிமாப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததாகப் பதிவுகள்; அவர்களில் 48 பேருக்கு மூன்று முறைக்குள் மருந்து ஏறிய நிலையிலேயே. பாதிக்கு மேற்பட்டோருக்கு நுரையீரலுக்கு வெளியேயும் பரவியிருந்தது. டி.என்.எஃப். சும்மா வில்லனாக உடலில் உட்கார்ந்திருக்கவில்லை என்பது அப்போது எல்லோருக்கும் உறைத்தது. காசநோய்க் கிருமி உடலுக்குள் நுழைந்ததும் பெருவிழுங்கி செல்கள் அதைச் சுற்றி வளைத்துச் சுவர் கட்டுகின்றன. அந்தச் சுவர் இடியாமல் நிற்கக் காரணம் டி.என்.எஃப். அதை அடக்கினால், இருபது முப்பது ஆண்டுகளாக உள்ளே உறங்கிக் கிடந்த கிருமி வெளியே வருகிறது. அந்தக் கிருமி எப்போது உள்ளே போனது என்று நோயாளிக்குத் தெரிந்தே இருக்காது.

மருந்து பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரிசோதிக்கப்பட்டது. உறங்கும் காசநோய் அங்கே குறைவு. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தியாவில். ஆகவே இங்கே இந்த மருந்து, முதலில் காசநோய்ப் பரிசோதனை என்ற வாசலைத் தாண்டித்தான் உள்ளே வர முடியும். மார்பு எக்ஸ்ரே, கையில் மான்டூ ஊசி, ரத்தத்தில் இக்ரா சோதனை. பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட நாட்டில் மான்டூ தடிப்பதை வைத்து முழுதாக எதையும் சொல்ல முடியாது என்பதால் மருத்துவரின் அனுபவமும் சேர்ந்தே முடிவு செய்யும். உறங்கும் தொற்று இருந்தால் முதலில் அதற்குத் தடுப்பு மருந்தைத் தொடங்கிவிட்டுத்தான் மற்றது. கைவிரல் மடங்காமல் வந்தவரிடம் ‘வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா?’ என்று மருத்துவர் கேட்கும்போது, கேள்வி சம்பந்தமில்லாததுபோலத் தோன்றலாம். சம்பந்தம் இதுதான். இதய பலவீனம் உள்ளவர்களுக்கும் இந்த மருந்து தீங்கு செய்யலாம் என்பது பிறகு தெரிந்தது.

எல்லோருக்கும் இது கேட்பதும் இல்லை. மூன்றில் ஒருவருக்கு அருகில் போதிய பலன் கிடைப்பதில்லை. யாருக்குக் கேட்கும் யாருக்குக் கேட்காது என்பதை முன்கூட்டிச் சொல்லும் நம்பகமான சோதனை இன்றும் மருத்துவரின் மேசையில் இல்லை. சில மாதம் கொடுத்துப் பார்த்து, கேட்காவிட்டால் இன்டர்லூகின்-6ஐத் தடுப்பது, பி செல்களைக் குறைப்பது, செல்லுக்குள் போய் வேலை செய்யும் மாத்திரை என்று வேறு வகைக்கு மாறுகிறார்கள். அந்த மருந்துகள் அத்தனையும் டி.என்.எஃப். திறந்த கதவு வழியே வந்தவை.

விலைதான் நெடுநாள் பெரிய தடை. காப்புரிமைக் காலம் முடிவை நெருங்கியபோது தென்கொரியாவின் செல்ட்ரியான் நிறுவனம் ஏறத்தாழ அதே மருந்தைத் தயாரித்து, 2012இல் தன் நாட்டிலும் 2013இல் ஐரோப்பாவிலும் அனுமதி வாங்கியது. ஒரு ஆன்டிபாடி மருந்தின் ஒத்த நகல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது அதுவே முதல்முறை. உயிருள்ள செல்லில் விளைவதை அச்சு அசலாக நகலெடுக்க முடியாது; ஒத்தது என்றுதான் சொல்ல முடியும். அந்த ஐயத்தைத் தீர்க்க நார்வே அரசே பணம் கொடுத்து ஓர் ஆய்வு நடத்தியது. மூல மருந்தில் நன்றாக இருந்த 482 பேரில் பாதிப் பேரை நகலுக்கு மாற்றினார்கள். ஓராண்டில் நோய் மோசமானது மூல மருந்திலேயே தொடர்ந்தவர்களில் 26 விழுக்காடு, மாறியவர்களில் 30 விழுக்காடு. ஆய்வு முன்கூட்டியே வகுத்துக்கொண்ட எல்லைக்குள்தான் இந்த வேறுபாடு இருந்தது. மருந்து நிறுவனமல்லாத ஒருவர் செலவழித்துச் செய்ததாலேயே இந்த ஆய்வை நான் கூடுதலாக மதிக்கிறேன். இந்தியாவிலும் இந்தக் குடும்பத்தின் நகல்கள் வந்தன. அகமதாபாத்தின் சைடஸ் 2014 டிசம்பரில் அறிமுகப்படுத்தியது உலகின் முதல் அடாலிமுமாப் நகல். விலை இறங்கியிருக்கிறது. எட்டு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆண்டுக்கணக்கில் கைக்காசில் போட வேண்டிய குடும்பத்துக்கு அது இன்னும் எட்டும் தூரத்தில் இல்லை. பல வீடுகளில் மூன்று டோஸோடு நிறுத்தி, சுப்பாராவ் வழி வந்த அந்த வார மாத்திரையோடு காலம் தள்ளுகிறார்கள்.

மைனிக்கும் ஃபெல்ட்மனுக்கும் 2003இல் லாஸ்கர் பரிசு கிடைத்தது. வில்செக், தனக்குச் சேர்ந்த உரிமைத் தொகையிலிருந்து 10.5 கோடி டாலரை 2005இல் தன் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார்; அமெரிக்காவுக்குக் குடியேறி வந்த விஞ்ஞானிகளுக்கும் கலைஞர்களுக்கும் பரிசளிக்க மனைவியோடு சேர்ந்து ஓர் அறக்கட்டளையும் நடத்துகிறார்.

கென்னடி நிறுவனம் 2011இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பகுதியானது. அங்கே ஃபெல்ட்மனும் ஜக்தீப் நஞ்சஹால் என்ற கை அறுவை நிபுணரும் டி.என்.எஃப். தடுப்புக்கு இன்னொரு நோயைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். டூபுயிட்ரென் நோய்: உள்ளங்கையில் முடிச்சு முடிச்சாகத் திசு தடித்து, ஆண்டுகள் செல்லச் செல்ல விரலை இழுத்து மடக்கிவிடும் நோய், வட ஐரோப்பியரிடம் அதிகம். தொடக்க நிலையில் உள்ள 140 பேரில் பாதிப் பேரின் முடிச்சுகளுக்குள்ளேயே மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடாலிமுமாப்பையும், மீதிப் பேருக்கு வெறும் கரைசலையும் செலுத்திப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களின் முடிச்சுகள் மென்மையாகிச் சுருங்கின என்று 2022இல் வெளியிட்டார்கள். விரல் மடங்குவதை அது தடுக்குமா என்பது தெரிய, மெதுவாக வளரும் அந்த நோயின் பின்னாலேயே இன்னும் பல ஆண்டுகள் போக வேண்டும்.